லண்டன் காரை ஐரோப்பாவுக்கு ஓட்டிப் போகும்போது கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பிரான்சின் கலே துறைமுகத்தில் கார் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை உங்கள் காகிதங்களை மூன்று தரப்பினர் கேட்கலாம். சாலையில் நிறுத்தும் போலீஸ், சுங்க அதிகாரி, எங்காவது மோதிவிட்டால் எதிர்க் காரை ஓட்டியவர். இவரை ஓட்ட விடலாமா என்று போலீஸ் பார்க்கும். இந்தக் காரை இவர் இங்கே ஓட்டலாமா என்று சுங்கம் பார்க்கும். சேதத்துக்கு யார் பணம் தருவார் என்பது எதிர்க் கார்க்காரரின் கவலை. காகிதமே இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவுதான். அசலை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு போனில் படம் மட்டும் எடுத்து வந்தவர்களும், பெயர் பொருந்தாதவர்களும், உறவினரின் காரை யோசிக்காமல் வாங்கி ஓட்டியவர்களும்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். சில காகிதங்கள் தபாலில் வர ஆறு வாரம்கூட ஆகும்.

லைசென்ஸ்

பிரிட்டிஷ் போட்டோகார்டு லைசென்ஸ் இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதுவே போதும். லைசென்ஸை மொழிபெயர்த்துத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவையில்லை. ஆனால் கார்டின் முன்பக்கத்தில் 4பி என்ற எண்ணுக்கு எதிரே இருக்கும் தேதியைப் பாருங்கள். ஓட்டும் உரிமை 70 வயதுவரை இருந்தாலும் கார்டை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதிதான் 4பி. பலர் பின்பக்கம் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்கட்டும். வீடு மாறியதைத் தெரிவிக்காமல் விட்டால் பிரிட்டனிலேயே 1,000 பவுண்டுவரை அபராதம் உண்டு.

பின்பக்கம் 12ஆம் பத்தியில் 78 என்ற குறியீடு இருந்தால் நீங்கள் ஆட்டோமேட்டிக் கார் மட்டுமே ஓட்டலாம். 01 என்றால் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அணிந்துதான் ஓட்ட வேண்டும். அங்கே போய்க் கார் வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதல் குறியீட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் மலிவு வாடகையில் கிடைப்பவை பெரும்பாலும் கியர் கார்கள். கவுண்டரில், பிரிட்டனில் லைசென்ஸ் வழங்கும் துறையான டி.வி.எல்.ஏ.வின் இணையதளத்தில் எடுத்த, லைசென்ஸ் விவரத்தைப் பார்க்க உதவும் குறியீட்டையும் கேட்கலாம். அது 21 நாள்தான் செல்லும், ஒருமுறைதான் பயன்படும். எனவே பயணத்துக்கு முந்தைய வாரம் எடுங்கள்.

பழகுநர் லைசென்ஸ் பிரிட்டனுக்கு வெளியே செல்லாது. 17 வயதில் பிரிட்டனில் முழு லைசென்ஸ் வாங்கிய பிள்ளைக்கும் பெரும்பாலான நாடுகளில் 18 ஆகும்வரை ஸ்டியரிங்கைக் கொடுக்கக் கூடாது.

இந்திய, இலங்கை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள்

படிக்கவோ வேலைக்கோ வந்து இன்னும் இந்திய லைசென்ஸிலேயே ஓட்டுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அந்த லைசென்ஸில் ஓட்டலாம். அந்தச் சலுகை பிரிட்டனோடு முடிந்துவிடும். கால்வாயைத் தாண்டினால் ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் விதி. பிரான்சில் பிரெஞ்சு மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். இத்தாலியில் உறுதிமொழி அளித்துச் செய்த அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பு அல்லது அதே அனுமதி. ஜெர்மனியில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அங்குள்ள ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் அதைச் செய்து தருகிறது.

சர்வதேச அனுமதியை லைசென்ஸ் கொடுத்த நாடுதான் தரும். பிரிட்டனில் பேபாயின்ட் கடைகளில் 5.50 பவுண்டுக்குக் கிடைப்பது பிரிட்டிஷ் லைசென்ஸ்காரர்களுக்கு மட்டும். இந்திய லைசென்ஸுக்கு ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்க வேண்டும். இந்தியப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு செல்லும், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் அனுமதியும் அன்றே முடியும். வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால் இந்தியத் தூதரகம் வழியாக மறுபடி விண்ணப்பிக்க வழியுண்டு. ஆனால் அதை நம்பிப் பயணத் தேதியைக் குறிக்க வேண்டாம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்குக் கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் இந்த அனுமதியைக் கொடுக்கிறது.

வாங்கியதும் அங்கேயே நின்று இரண்டு விஷயம் பாருங்கள். படம் ஒட்டிய பக்கத்தில் பி வகைக்கு எதிரே முத்திரை இருக்கிறதா? நம் லைசென்ஸில் எல்.எம்.வி. என்று இருப்பதற்கு அங்கே பி என்று பெயர். ஓட்டுநரைத் தவிர எட்டு இருக்கை, 3,500 கிலோ எடை, அவ்வளவுதான் அதன் எல்லை. அடுத்து, பெயர்.

இந்தப் பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத்தான் தலைவலி அதிகம். லைசென்ஸில் "கே. முருகன்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து "முருகன் கந்தசாமி" என்று இருக்கும். கிரெடிட் கார்டில் "முருகன் கே". நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஆனால் பிரான்சின் நீஸ் விமான நிலைய வாடகைக் கார் கவுண்டரில் இருப்பவருக்குக் கந்தசாமி என்பது குடும்பப் பெயர், அது லைசென்ஸில் இல்லை, ஆகவே ஆள் வேறு. அனுமதியிலும் லைசென்ஸில் உள்ளபடியே பெயர் வரும் என்பதால், அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே லைசென்ஸில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்திக்கொள்வதுதான் நிரந்தரத் தீர்வு. வாடகைக் காரை முன்பதிவு செய்யும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். முதன்மை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கும். கணவர் ஓட்டி மனைவி கார்டில் கட்டுவதெல்லாம் கவுண்டரில் எடுபடாது.

சர்வதேச அனுமதி ஒரு மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் லைசென்ஸ் கூடவே இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இந்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருப்பதும் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும்.

காரின் காகிதங்கள்

காரின் பதிவுச் சான்றான வி5சி என்ற லாக் புக்கின் அசலைக் கொண்டுபோக வேண்டும், நகல் ஏற்கப்படாது. தொலைந்திருந்தால் 25 பவுண்டு கட்டி மாற்றுப் பிரதி வாங்கலாம். இணையத்தில் கேட்டால் சில நாளிலும், தபாலில் கேட்டால் சில வாரத்திலும் வரும். லீஸிலோ வாடகையிலோ எடுத்த காராக இருந்தால் லாக் புக் நிறுவனத்திடம் இருக்கும். அப்போது அதற்குப் பதிலாக வி.இ.103 என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். காரை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக உரிமையாளர் சம்மதித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. காருக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனைச் சான்று திரும்பி வரும் நாள்வரை செல்லுபடியாக இருக்கட்டும்.

வெளிநாட்டிலும் இன்சூரன்ஸ் உண்டு என்று காட்ட முன்பு பச்சை அட்டை வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்ட் 2 முதல் ஐரோப்பிய ஒன்றியம், சுவிட்சர்லாந்து, நார்வே, செர்பியா போன்ற நாடுகளில் பிரிட்டிஷ் கார்களுக்கு அது தேவையில்லை. அல்பேனியா, துருக்கி பக்கம் போனால் இன்னும் வேண்டும். பச்சை அட்டை வேண்டாம் என்பதை இன்சூரன்ஸ் சான்றிதழே வேண்டாம் என்று புரிந்துகொள்ளாதீர்கள். அச்சடித்த சான்றிதழ் காரில் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பாலிசியின் உள்ளடக்கம். பிரிட்டனில் முழுக் காப்பீடாக இருப்பது, பல பாலிசிகளில் கடலைத் தாண்டியதும் மூன்றாம் நபர் காப்பீடாகச் சுருங்கிவிடும். அதாவது நீங்கள் இடித்த காருக்குப் பணம் போகும், உங்கள் கார் உங்கள் பாடு. 30 நாள், 90 நாள் என்று வரம்பும் இருக்கும். "வெளிநாட்டில் அதே முழுக் காப்பீடு உண்டா, எத்தனை நாள், பாலிசியில் உள்ள எல்லா ஓட்டுநர்களுக்குமா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி அச்சடித்து வையுங்கள்.

நம்பர் பிளேட்டில் பிரிட்டிஷ் கொடியோடு "யு.கே." எழுத்து இருந்தால் பெரும்பாலான நாடுகளில் தனி ஸ்டிக்கர் வேண்டாம். ஸ்பெயின், சைப்ரஸ், மால்டா மூன்றிலும் பிளேட்டில் என்ன இருந்தாலும் ஸ்டிக்கர் கட்டாயம். 2021 செப்டம்பர் 28 முதல் பழைய "ஜி.பி." ஸ்டிக்கர் செல்லாது. அதைக் கழற்றிவிடுங்கள் அல்லது மூடிவிடுங்கள்.

யார் ஓட்டுகிறார் என்பதும் சுங்கத்தின் கேள்வி

லண்டன் காரில் பாரிஸுக்குப் போகிறீர்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் சாமான் வாங்கி வர, அங்கேயே குடியிருக்கும் மச்சான் சாவியை வாங்கிக்கொள்கிறார். நம் வீடுகளில் இது சாதாரணம். சுங்கச் சட்டத்தில் சாதாரணமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறிய பிறகு பிரிட்டிஷ் கார், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தற்காலிகமாக வந்த பொருள். வெளியில் குடியிருக்கும் நீங்கள் அதை ஆறு மாதம்வரை வரியில்லாமல் உள்ளே ஓட்டலாம். ஒன்றியத்துக்குள் குடியிருக்கும் மச்சான், பதிவு உரிமையாளரான நீங்கள் கேட்டுக்கொண்டால், நீங்களும் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும்போது, எப்போதாவது ஒருமுறை ஓட்டலாம். நீங்கள் காரை அவரிடம் விட்டுவிட்டு விமானத்தில் லண்டன் திரும்பிய பிறகு அவர் ஓட்டினால், அது வரி கட்டாமல் இறக்குமதி செய்த காராகிவிடும். சுங்கவரியும் மதிப்புக்கூட்டு வரியும் கேட்பார்கள். சுவிஸ் பதிவு கார்களுக்கும் இதே விதிதான். பாசலிலும் ஜெனீவாவிலும் எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

வேறொருவர் பெயரில் உள்ள காரை ஓட்டுகிறவர், உரிமையாளரிடம் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. கார் எண், ஓட்டுநரின் பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்தெந்த நாடுகள் என்று அதில் இருக்கட்டும். இன்சூரன்ஸிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். கடிதம் இன்சூரன்ஸுக்கு மாற்றாகாது.

விபத்துப் படிவம்

பயணத்தில் பலர் எடுத்துப்போகாத காகிதம் இதுதான். நமக்கு இதுவே மிக முக்கியமானதாகப் படுகிறது. மோதிய இரு ஓட்டுநரும் நடந்ததை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடும் இந்தப் படிவத்தைப் பிரான்சில் கோன்ஸ்டா அமியாப்ல் என்பார்கள். ஐரோப்பா முழுவதும் ஒரே அமைப்பு, ஒரே கட்ட எண்கள், மொழி மட்டும் வேறு. எனவே ஆங்கிலப் படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால், எதிரில் இருப்பவர் நீட்டும் பிரெஞ்சுப் படிவத்தைக் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுப் படிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டால் கிடைக்கும்.

12ஆம் கட்டத்தில் 17 சூழ்நிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். நின்றிருந்தது, பின்னால் வந்தது, தடம் மாறியது என்பதுபோல. உங்களுக்குப் பொருந்துவதைக் குறித்துவிட்டு, மொத்தம் எத்தனை குறித்தீர்கள் என்ற எண்ணை அடியில் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால், பிறகு யாராவது இன்னொரு கட்டத்தில் குறி போட்டாலும் நிரூபிக்க வழியில்லை. 13இல் சாலையை வரைந்து காட்ட வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள், அடித்தாள் மங்கலாக விழுந்தால் உங்கள் பிரதி பயனற்றது. ஒத்துக்கொள்ள முடியாத எதுவும் இருந்தால் 14இல் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். புரியாததில் கையெழுத்திடாதீர்கள். இருவரும் கையெழுத்திட்ட பிறகு ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. ஆளுக்கு அடிபட்டிருந்தால் படிவம் பிறகு, முதலில் 112 என்ற அவசர எண்.

பிரான்சில் நடந்த விபத்தை ஐந்து வேலை நாளுக்குள் இன்சூரன்ஸுக்குத் தெரிவிப்பது அங்குள்ள வழக்கம். நீங்களும் அதற்குள் தெரிவித்துவிடுங்கள். இப்போது நஷ்டஈடு வழக்கை விபத்து நடந்த நாட்டிலேயே, அந்நாட்டு மொழியில் நடத்த நேரலாம் என்பதால், அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

நிறுத்தினால்

இன்ஜினை அணைத்து, காரிலேயே இருந்து, கேட்டதை மட்டும் கொடுங்கள்: லைசென்ஸ், லாக் புக், இன்சூரன்ஸ், பாஸ்போர்ட். லைசென்ஸைக் கையில் கொண்டுவராதது சிறு குற்றம். ஜெர்மனியில் 10 யூரோ. பிரான்சில் 11 யூரோ, ஐந்து நாளுக்குள் காவல் நிலையத்தில் காட்டாவிட்டால் 135. ஆனால் ஓட்டும் உரிமையே இல்லாமல் ஓட்டுவது இரு நாட்டிலும் கிரிமினல் குற்றம். இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். பிரான்சில் ஒளிரும் மேலங்கியைக் கை எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். டிக்கியில் இருந்தால் கணக்கில் வராது.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளே நுழையும் நாளில் வழங்கி 10 ஆண்டுக்குள்ளும், வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரெஞ்சு எல்லைச் சோதனை இங்கிலாந்துத் துறைமுகமான டோவரிலேயே நடப்பதால் இதில் தவறினால் கப்பலே ஏற முடியாது.

எல்லா அசலையும் ஜிப் வைத்த ஒரே பையில் போட்டு, ஓட்டும்போது கைக்கெட்டும் இடத்திலும் இரவில் உங்களோடு அறையிலும் வைத்திருங்கள். காரோடு லாக் புக்கும் திருடுபோனால் போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கக்கூட விவரம் மிஞ்சாது. போனில் எடுத்த படங்களும், கூட வருபவர் பையில் ஒரு நகலும் அந்த நேரத்துக்குத்தான்.