கூடையும் வரத்தும்: ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபங்ஷனலும் ரியாக்டிவும் நான் படித்த வழி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிதான் என் ஆபீஸ். அத்தை காசிமேட்டில் மீன் விற்கிறார். அவருக்கும் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் சேர்த்து அன்றாட விலை காட்டும் பேஜ் ஒன்று போட்டுக் கொடுத்தேன். முதல் வாரமே போன்: "டேய், என் பேருக்கு நேரா வேற ஆளு ரேட்டு நிக்குதுடா. சங்கரா ஆயிரமான்னு சண்டைக்கு வர்றாங்க."

காரணம் ஒரே வரி. கடைப் பெயர்கள் ஒரு அர்ரேயில் (வரிசைப் பட்டியலில்), விலைகள் இன்னொன்றில். குறைந்த விலையை மேலே காட்ட, விலை அர்ரேயை சார்ட் செய்திருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட்டின் சார்ட் புது அர்ரே தராது, இருப்பதையே கலைத்து அடுக்கும். பெயர்கள் அப்படியே நிற்க, விலைகள் இடம் மாறிவிட்டன. போதாததற்கு, ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் அது எண்ணையும் எழுத்தாகவே பார்க்கும். 250, 900, 1000 என்பது 1000, 250, 900 என்று வந்து நிற்கும்.

ஆகவே ஃபங்ஷனல் பாணியை, அதாவது இருக்கிற டேட்டாவை மாற்றாமல் ஃபங்ஷன்களைக் கோர்த்து எழுதுவதை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மோனாட் மாதிரி கடினமான கருத்துகளை அப்புறம் பார்க்கலாம், கையில் இருக்கிற லிஸ்டைக் கெடுக்காமல் வேலை செய்யப் பழகுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் 2023 பதிப்பில் வந்த டூசார்ட்டட் நகல் எடுத்து அடுக்கித் தரும். பழைய பிரவுசர் என்றால் ஸ்ப்ரெட் (மூன்று புள்ளி) போட்டு நகலெடுத்து, பிறகு சார்ட் செய்யலாம்.

உங்கள் பழைய ப்ராஜெக்ட்டில் ஒரு ஃபார் லூப்பை எடுத்து மேப் (ஒவ்வொன்றையும் மாற்றித் தரும்), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் எடுக்கும்), ரெட்யூஸ் (எல்லாவற்றையும் ஒரே விடையாகச் சுருக்கும்) மூன்றால் திருப்பி எழுதுங்கள். மூன்றும் 2009-லிருந்தே மொழியில் இருப்பவை. ரெட்யூஸுக்கு மட்டும் தொடக்க மதிப்பை மறக்காதீர்கள். நான் மறந்தேன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. விசைப்படகு மீனை மட்டும் ஃபில்டர் செய்தால் காலி அர்ரே, அதன்மேல் தொடக்க மதிப்பில்லாத ரெட்யூஸ், டைப்எரர், பேஜ் வெள்ளை.

ஃபங்ஷன் சுத்தமானதா என்று பார்க்க, அதே உள்ளீட்டை இரண்டு முறை கொடுங்கள். விடை மாறினால் உள்ளே தேதியோ, ரேண்டமோ, வெளியே இருக்கிற வேரியபிளோ ஒளிந்திருக்கும். விடை மாறாவிட்டாலும், போகிற போக்கில் வெளியே எதையாவது மாற்றுகிறதா என்று ஒரு பார்வை.

ரியாக்டிவில்தான், அதாவது டேட்டா வர வர அதற்கேற்ப வேலை செய்யும் பாணியில்தான், மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றேன். விடிவதற்கு முன் அத்தையோடு ஏலத்துக்குப் போன ஒருநாள் பிடிபட்டது. ஐஸ் போட்டு எதிரே வைத்திருக்கும் கூடை அர்ரே, இப்போதே எண்ணிவிடலாம். படகிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும் வரத்துதான் ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் அப்சர்வபிள். எவ்வளவு வரும், எப்போது நிற்கும், தெரியாது. ஆனால் 'வஞ்சிரம் மட்டும் எடு' என்கிற ஃபில்டர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஏலத்துக்கு லேட்டாகப் போனால் கூவி முடித்த விலையை யாரும் உங்களுக்காகத் திருப்பிக் கூவ மாட்டார்கள். அப்படிப்பட்ட வரத்து ஹாட், மவுஸ் க்ளிக் அந்த ரகம். சப்ஸ்கிரைப் செய்கிற (வரத்தைக் கேட்க ஆரம்பிக்கிற) ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து ஓடினால் கோல்ட்.

(1997-இல் கோனல் எலியட்டும் பால் ஹூடக்கும் ஹாஸ்கெல் என்கிற ஃபங்ஷனல் மொழியில் அனிமேஷனுக்காக எழுதியதில் காலம் இடைவெளி இல்லாமல் ஓடும். ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் நிகழ்வுகள் தனித்தனியாக விழும். அதனால் கறாரானவர்கள் இதை ஃபங்ஷனல் ரியாக்டிவ் என்று ஒப்புக்கொள்வதில்லை. நாம் வேலையைப் பார்ப்போம்.)

பழக ஏற்றது தேடல் பெட்டி. 'வ' என்று அடித்ததும் ஒரு ரிக்வெஸ்ட் போகிறது, 'வஞ்' என்றதும் இன்னொன்று. நெட் இழுத்தால் முதலாவதன் பதில் கடைசியில் வந்து, வஞ்சிரம் கேட்டவருக்கு வவ்வாலையும் சேர்த்துக் காட்டும். எங்கள் பேஜில் காட்டியது. ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் ஃப்ரம்ஈவென்ட் (அடிப்பதை வரத்தாக்கும்), டிபவுன்ஸ்டைம் 300 மில்லி செகண்ட் (அவ்வளவு நேரம் அடிக்காமல் நின்றால்தான் விடும்), டிஸ்டிங்க்ட்அன்டில்சேஞ்ச்ட் (முந்தையதே திரும்ப வந்தால் விடாது), ஸ்விட்ச்மேப் என்று வரிசையாகக் கோர்த்தால் தீர்ந்தது. புதுத் தேடல் வந்ததும் ஸ்விட்ச்மேப் பழையதைக் கைவிட்டுவிடும். உள்ளே வெறும் ப்ராமிஸ் (பதில் பிறகு வரும் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் உறுதிச்சீட்டு) இருந்தால் ரிக்வெஸ்ட் நிற்காது, பதில்தான் உதாசீனமாகும். ரிக்வெஸ்ட்டே நிற்க ஃப்ரம்ஃபெட்ச் போடுங்கள்.

ஸ்விட்ச்மேப் ருசி கண்டு எல்லா இடத்திலும் போடாதீர்கள். விலையைச் சேமிக்கும் இடத்தில் போட்டால், அடுத்தடுத்து இரண்டு விலை மாற்றும்போது முதலாவது சேமிக்கப்பட்டதா என்றே தெரியாது. அங்கே ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று நிறுத்தும் கன்கேட்மேப். எல்லாம் ஒரே நேரத்தில் போகலாம் என்றால் மெர்ஜ்மேப்.

ஆர்டர் பட்டனுக்கு எக்ஸாஸ்ட்மேப். முதல் ஆர்டர் போய்ச் சேரும்வரை அடுத்த அமுக்கல்களைக் கண்டுகொள்ளாது. அத்தை ஒரு பட்டனை நாலு முறை அமுக்குவார், "அமுங்கிச்சான்னு தெரியலடா" என்று.