விடுதி மெஸ் பில்லுக்கு ஒரு டேட்டாபேஸ்: நால்வர் குழுவுக்கான செய்முறை

டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் மேலாண்மை) பாடத்தில் குழு ப்ராஜெக்ட் என்றதும் பல குழுக்கள் நூலகத்தையோ மருத்துவமனையையோ எடுத்துக்கொண்டு, இணையத்தில் கிடைக்கும் ஈஆர் படத்தை (எந்தத் தகவல் எதனோடு தொடர்புடையது என்று காட்டும் வரைபடம்) அப்படியே வரைந்து கொடுத்துவிடுகின்றன. மதிப்பெண் கிடைக்கும், டிசைன் கைக்கு வராது. குழுவில் எல்லோருக்கும் விதிமுறை தெரிந்த, கணக்கு சரியா தவறா என்று கையால் போட்டுப் பார்க்கக்கூடிய தலைப்பை எடுங்கள். கல்லூரி விடுதியின் மெஸ் பில் அப்படிப்பட்டது. இங்கே டிவைடிங் சிஸ்டத்தை எடுத்துக்கொள்கிறோம்: மாதத்தின் மொத்தச் செலவை எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் வரும். அதை அவரவர் நாட்களால் பெருக்கினால் பில்.

கட்டளைகளை வாயால் சொல்லும் வடிவில் தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மைஎஸ்கியூஎல் 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்து விளக்குகிறோம். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான போஸ்ட்கிரெஸ் வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறோம்.

படி 1: விதிகளைக் கேட்டு எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் வார்டனிடமோ மெஸ் பிரதிநிதியிடமோ போய் உட்காருங்கள். விடுப்பு எடுத்தால் எத்தனை நாளிலிருந்து கழிவு உண்டு? ஊருக்குக் கிளம்பும் நாளும் திரும்பி வரும் நாளும் கணக்கில் சேருமா? ஆம்லெட், முட்டை போன்ற எக்ஸ்ட்ரா எங்கே குறிக்கப்படுகிறது? மாத நடுவில் அறை மாறினால் என்ன ஆகும்? இவற்றுக்கான பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி நால்வரும் வாசியுங்கள்.

அடுத்த பக்கத்தில், டேட்டாபேஸ் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை எழுதுங்கள். பத்து போதும். 'ஜூன் மாதம் ஒரு நாள் கட்டணம் எவ்வளவு', 'யார் இன்னும் பணம் கட்டவில்லை', 'இன்று எந்த அறையில் இடம் காலி' என்பது போல. எந்தக் கேள்விக்கும் தேவைப்படாத டேபிளை வரையாதீர்கள்.

படி 2: வேலையைப் பிரிக்கும் முறை

ஒருவர் ஈஆர் படம், ஒருவர் எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழி), ஒருவர் ரெக்கார்டு, ஒருவர் பிபிடி என்று பிரிப்பது வழக்கம். அப்படிப் பிரித்தால் நால்வரில் ஒருவர்தான் எஸ்கியூஎல் கற்பார், வைவாவில் மற்ற மூவரும் விழிப்பார்கள். டிசைனை நால்வரும் ஒரே மேசையில் முடியுங்கள். அதன்பின் கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தம் பங்குக் கேள்விகளுக்குச் சோதனைத் தரவு, குவெரி (விடை கேட்கும் எஸ்கியூஎல் கட்டளை), விளக்கம் மூன்றையும் தாமே எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஓட்டிப் பார்த்த பிறகே பொதுக் கோப்பில் சேர்க்கலாம்.

படி 3: நோட்டின் ஒரு வரியைப் பிரியுங்கள்

மெஸ் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ரோல் எண், பெயர், துறை, துறைத் தலைவர், பிளாக், அறை, பிளாக் வார்டன், மாதம், விடுப்பு தேதிகள், தொகை. அதை அப்படியே ஒரு டேபிளாக வைத்தால் என்ன கெடும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

விடுப்பு தேதிகளின் கட்டத்தில் '8-10, 29 முதல்' என்று எழுதியிருக்கும். அதைக் கூட்டவும் முடியாது, வடிகட்டவும் முடியாது. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பது முதல் நார்மல் ஃபார்ம். எனவே விடுப்பு தனி டேபிளாகிறது, ஒவ்வொரு விடுப்புக்கும் ஒரு வரிசை.

இந்த வரியை அடையாளம் காட்டுவது ரோல் எண்ணும் மாதமும் சேர்ந்த கீ. பெயரைத் தெரிந்துகொள்ள மாதம் தேவையா? தேவையில்லை, ரோல் எண் போதும். கீயின் ஒரு பாதியை மட்டும் நம்பியிருக்கும் பெயரும் துறையும் மாணவர் டேபிளுக்குப் போகின்றன. இது இரண்டாம் நார்மல் ஃபார்ம்.

துறைத் தலைவர் யார் என்பது மாணவரைப் பொறுத்ததல்ல, துறையைப் பொறுத்தது. தலைவர் மாறினால் அந்தத் துறை மாணவர்களின் வரிசைகளை எல்லாம் திருத்த வேண்டிவரும். ஒன்றை விட்டுவிட்டால் ஒரே துறைக்கு இரண்டு தலைவர்கள். ஆகவே துறை தனி டேபிள். வார்டனும் அப்படியே பிளாக் டேபிளுக்குப் போகிறார். இது மூன்றாம் நார்மல் ஃபார்ம். எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாடலை முன்வைத்தபோது பேசிய சிக்கல்களில் இதுவும் ஒன்று: ஒரே உண்மை பல இடங்களில் எழுதப்பட்டு, ஓரிடத்தில் மட்டும் திருத்தப்படுவது.

மிஞ்சுவது அறை. மாணவர் டேபிளிலேயே அறை எண்ணை வைக்கத் தோன்றும். வைத்தால் இன்றைய அறை மட்டுமே தெரியும், போன மாதம் எங்கே இருந்தார் என்பது போய்விடும். எனவே ஒதுக்கீடு என்று ஒரு டேபிள்: ரோல் எண், பிளாக், அறை எண், தொடக்க தேதி, முடிவு தேதி. இன்னும் தங்கியிருப்பவருக்கு முடிவு தேதி நல், அதாவது மதிப்பு எதுவும் இல்லை.

கடைசியில் கிடைப்பவை: துறை, மாணவர், பிளாக், அறை, ஒதுக்கீடு, விடுப்பு, செலவு, எக்ஸ்ட்ரா, பில், வரவு.

படி 4: ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு வாக்கியம்

இந்தப் படியை எந்தக் குழுவும் தாண்டக் கூடாது. குழு ப்ராஜெக்டுகளில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேயே பிடிபடும். ஒவ்வொரு டேபிளின் கீழும் 'இதில் ஒரு வரிசை என்றால்...' என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'விடுப்பில் ஒரு வரிசை என்றால், ஒரு மாணவர் இந்த நாள் முதல் இந்த நாள் வரை, இரண்டு நாளும் சேர்த்து, மெஸ்ஸில் சாப்பிடவில்லை.' 'இரண்டு நாளும் சேர்த்து' என்பதைச் சேர்க்காமல் விட்டால், தரவு போடுபவர் ஒரு மாதிரியும் குவெரி எழுதுபவர் வேறு மாதிரியும் எண்ணுவார்கள். ஒதுக்கீட்டிலும் இதே பொறி உண்டு. பழைய அறையின் முடிவு தேதியும் புதிய அறையின் தொடக்க தேதியும் ஒரே நாளாக இருந்தால் அந்த நாள் இருமுறை எண்ணப்படும். முடிவு தேதியும் கணக்கில் சேரும் என்று முடிவெடுத்தால் புதிய அறை மறுநாள்தான் தொடங்க வேண்டும்.

வாக்கியத்தில் 'அல்லது' வந்தால் அங்கே இரண்டு டேபிள்கள் ஒளிந்திருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

படி 5: வகையும் கட்டுப்பாடும்

ரோல் எண் எண்ணாகத் தெரிந்தாலும் வார்கார் (எழுத்து) வகையில் வையுங்கள். அதைக் கூட்டப் போவதில்லை, முன்னால் வரும் சுழியமும் நடுவில் வரும் எழுத்தும் தொலையக் கூடாது. தொகைக்கு டெசிமல் 8,2. தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வேண்டாம், பைசா பிசகும். தேதியை டேட் வகையிலேயே வையுங்கள். எழுத்தாக வைத்தால் வரிசைப்படுத்தும்போது ஜூன் 10, ஜூன் 9-க்கு முன்னால் வந்து நிற்கும்.

எக்ஸ்ட்ரா டேபிளில் பொருளின் பெயரோடு அன்றைய விலையையும் சேமியுங்கள். விலைப்பட்டியலில் இருந்து ஜாயின் செய்து (இரு டேபிள்களை இணைத்து) எடுத்தால், ஆம்லெட் விலை ஏறிய அன்று பழைய பில்களும் சேர்ந்து ஏறிவிடும். இது மூன்றாம் படியில் செய்த பிரிப்பை, அதாவது நார்மலைசேஷனை, மீறுவதாகாது. அன்று விற்ற விலை என்பது தனி உண்மை.

முடிவு தேதி தொடக்க தேதிக்கு முந்தி வரக் கூடாது என்று ஒரு செக் கட்டுப்பாடு போடுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக்கை வாங்கிக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. எனவே பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரே மாணவரின் இரு விடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை இந்தச் செக்கால் தடுக்க முடியாது, அதற்கு ட்ரிகர் (வரிசை சேரும்போது தானே ஓடும் கட்டளை) எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸில் எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு இருக்கிறது.

ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் புலம்) போடும்போது 3780 என்ற பிழை வந்தால் இரு பக்கப் புலங்களின் வகை ஒத்துப்போகவில்லை: ஒன்று இன்ட், மற்றது அன்சைன்ட் இன்ட், அல்லது எழுத்துப் புலங்களின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) வேறு. 1452 வந்தால் இல்லாத தாய் வரிசையைச் சுட்டுகிறீர்கள். மாணவரைச் சேர்க்காமல் அவருடைய விடுப்பைச் சேர்த்திருப்பீர்கள். பிழை தொல்லையாக இருக்கிறது என்று ஃபாரின் கீயை நீக்கிவிடாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது.

படி 6: கையால் போட்ட கணக்கோடு சோதனைத் தரவு

நூறு மாணவர்களின் தரவு வேண்டாம். நால்வர் போதும், ஆனால் ஒவ்வொருவரும் ஒரு சிக்கலைக் கொண்டுவர வேண்டும். 30 நாள் கொண்ட ஜூன் மாதத்தை எடுங்கள்.

கயல்விழி: முழு மாதமும் இருந்தார், 30 நாள்.
இர்ஃபான்: 15-ஆம் தேதி வரை ஓர் அறை, 16 முதல் வேறு அறை, 30 நாள்.
ஸ்டெல்லா: ஜூன் 8 முதல் 10 வரையும், ஜூன் 29 முதல் ஜூலை 4 வரையும் விடுப்பு. ஜூனில் கழிவு 5 நாள், மீதி 25.
முத்துராமன்: ஜூன் 11-இல் சேர்ந்தார், 20 நாள்.

கூட்டினால் 105 நாள். செலவு 12,600 ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 120 ரூபாய். பில்கள் முறையே 3,600, 3,600, 3,000, 2,400. கூட்டினால் மீண்டும் 12,600. இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குவெரி இதே விடையைத் தர வேண்டும்.

படி 7: குவெரியைத் துண்டு துண்டாகக் கட்டுங்கள்

முதல் துண்டு, தங்கிய நாட்கள். ஒதுக்கீட்டில் தொடக்க தேதி ஜூன் 30 அல்லது அதற்கு முன், அதோடு (முடிவு தேதி ஜூன் 1 அல்லது அதற்குப் பின், அல்லது முடிவு தேதி நல்) என்ற நிபந்தனையை, வரிசைகளை வடிகட்டும் வேர் பகுதியில் வைக்கிறோம். 'முடிவு தேதி நல்' என்பதை ஈஸ் நல் என்றுதான் எழுத வேண்டும், சமக்குறி போட்டால் எதுவும் சிக்காது. நாட்களை எண்ண, முடிவு தேதிக்கும் ஜூன் 30-க்கும் சிறியதை லீஸ்ட் கொண்டும், தொடக்க தேதிக்கும் ஜூன் 1-க்கும் பெரியதை கிரேட்டஸ்ட் கொண்டும் எடுத்து, டேட்டிஃப் (இரு தேதிகளின் வித்தியாசம்) போட்டு 1 கூட்டுகிறோம். அந்த 1-ஐ மறந்தால் கயல்விழிக்கு 29 நாள் வரும்.

இன்னொரு பொறி: மைஎஸ்கியூஎல்-இல் லீஸ்டுக்குக் கொடுப்பவற்றில் ஒன்று நல் என்றால் விடையும் நல். இன்னும் தங்கியிருப்பவர்களின் நாட்கள் எல்லாம் காணாமல் போகும். முடிவு தேதியை, நல்லுக்குப் பதில் வேறு மதிப்பைத் தரும் கோஅலெஸ்ஸுக்குள் போட்டு, நல் என்றால் ஜூன் 30 என்று எடுக்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸில் லீஸ்ட் நல்லை விட்டுவிட்டு மற்றதை எடுக்கும். அதனால்தான் ஒரே லீஸ்ட் இரண்டு மடிக்கணினிகளில் இரண்டு விடை தருகிறது. பிறகு ரோல் எண் வாரியாக குரூப் பை போட்டு (வரிசைகளைத் தொகுத்து) சம், அதாவது கூட்டுத்தொகை, எடுங்கள். இர்ஃபானுக்கு 15-உம் 15-உம் சேர்ந்து 30 வர வேண்டும்.

இரண்டாம் துண்டு, விடுப்பு நாட்கள். அதே லீஸ்ட், கிரேட்டஸ்ட் வேலைதான். ஸ்டெல்லாவுக்கு 5 வர வேண்டும். 9 வந்தால் ஜூலை நாட்களை வெட்ட மறந்திருக்கிறீர்கள்.

இப்போது இணைக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழும் இடம் இது. ஒதுக்கீட்டையும் விடுப்பையும் நேராக ஜாயின் செய்துவிட்டு சம் எடுத்தால், ஸ்டெல்லாவுக்கு இரண்டு விடுப்பு வரிசைகள் இருப்பதால் அவருடைய ஒரே ஒதுக்கீட்டு வரிசை இரண்டாகப் பெருகும். தங்கிய நாள் 60, கழிவு 5, மீதி 55. மொத்த நாட்கள் 135 ஆகி, ஒரு நாள் கட்டணம் 93 ரூபாய் 33 பைசாவுக்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதற்கு மருந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே குரூப் பை செய்து மாணவருக்கு ஒரு வரிசை என்று ஆக்கிய பிறகு இணைப்பது. வித் என்று தொடங்கி 'தங்கல்', 'கழிவு' என்ற இரண்டு பெயர்களில் துண்டுகளை எழுதி, கீழே செலக்டில் இணையுங்கள். மைஎஸ்கியூஎல் 8 முதல் வித் கிடைக்கிறது.

இணைப்பது, இடப்பக்க டேபிளின் எல்லா வரிசைகளையும் விடாமல் வைக்கும் லெஃப்ட் ஜாயினாக இருக்கட்டும். சாதாரண ஜாயின் போட்டால் விடுப்பே எடுக்காத மூவரும் பட்டியலில் இருந்து விழுந்து ஸ்டெல்லா மட்டும் நிற்பார். லெஃப்ட் ஜாயினில் அந்த மூவருக்கும் கழிவு நல் என்று வரும். 30-இல் இருந்து நல்லைக் கழித்தால் நல். எனவே கழிவையும் கோஅலெஸ் கொண்டு 0 ஆக்குங்கள். லெஃப்ட் ஜாயினின் வலப்பக்க டேபிள் மீதான நிபந்தனையை வேரில் வைக்காதீர்கள், எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் ஆன் பகுதியில் வையுங்கள். வேரில் வைத்தால் நல் வரிசைகள் வடிகட்டப்பட்டு, எழுதிய லெஃப்ட் ஜாயின் வெறும் ஜாயினாகிவிடும்.

ஒரு நாள் கட்டணத்தை நடுவில் முழுமையாக்காதீர்கள். செலவு 12,700 என்றால் வகுத்து வருவது 120.952 சொச்சம். அதை 120.95 ஆக்கி 105-ஆல் பெருக்கினால் 12,699.75, 25 பைசா எங்கோ போய்விட்டது. பெருக்கிய பிறகு ஒவ்வொரு பில்லையும் முழுமையாக்குங்கள். அப்போதும் மிஞ்சும் பைசாவை அடுத்த மாதக் கணக்கில் சேர்ப்பதா என்பதை விதிப் பக்கத்தில் எழுதுங்கள்.

'பணம் கட்டாதவர் யார்' என்ற கேள்விக்கு நாட் இன் எழுதுபவர்கள் உண்டு. உள்குவெரியில் ஒரே ஒரு ரோல் எண் நல்லாக இருந்தாலும் விடை காலியாக வரும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதிப் பழகுங்கள். குரூப் பையில் இல்லாத புலத்தை செலக்டில் போட்டால் வரும் 1055 பிழைக்கு, எஸ்கியூஎல் மோடை மாற்றச் சொல்லும் யோசனைகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றாதீர்கள். ஒரே குரூப்பில் இருக்கும் பல மதிப்புகளில் எதைக் காட்டுவது என்று நீங்கள் சொல்லவில்லை என்றே அது புகார் செய்கிறது.

படி 8: நால்வர் கோப்பையும் சேர்ப்பது

மூன்று கோப்புகள் போதும்: 01 டேபிள்கள், 02 தரவு, 03 குவெரிகள். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வையுங்கள். டேபிளை வொர்க்பெஞ்சில் மவுஸால் திருத்திவிட்டு முதல் கோப்பைத் திருத்தாமல் விட்டால், மறுநாள் மற்ற மூவருக்கும் எதுவும் ஓடாது.

டேபிள் பெயர்களை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்க்காத டேபிள் பெயர்கள் லினக்ஸில் பேதம் பார்க்கும். ஒருவர் எக்ஸாம்ப் தொகுப்பை வைத்திருந்தால் அதில் இருப்பது மைஎஸ்கியூஎல்-இல் இருந்து கிளைத்த மரியாடிபி. மைஎஸ்கியூஎல் 8-இல் எடுத்த டம்ப்பை (டேட்டாபேஸின் முழு நகல் கோப்பு) ஏற்றும்போது 'தெரியாத கொலேஷன்' என்று 1273 பிழை வரக்கூடும். முதல் கோப்பிலேயே யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்று கொலேஷனைக் குறித்துவிட்டால் இரண்டிலும் ஓடும். தமிழ்ப் பெயர்களும் கேள்விக்குறியாக மாறாது. விண்டோஸ் பவர்ஷெல்லில் பெரிதுக் குறி போட்டு டம்ப் எடுத்தால் கோப்பு யூடிஎஃப்16 ஆகி, திரும்ப ஏறாது. ரிசல்ட் ஃபைல் என்ற ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள்.

எக்ஸ்டர்னலுக்கு முந்தைய நாள், குவெரியை எழுதாத ஒருவரின் மடிக்கணினியில் டேட்டாபேஸை முழுக்க ட்ராப் செய்யுங்கள். மூன்று கோப்புகளையும் வரிசையாக ஓட்டி, சுவரில் ஒட்டிய தாளோடு விடைகளை ஒப்பிடுங்கள். பிறகு அவரிடம் ஸ்டெல்லாவின் வரிசையைக் காட்டி, 60 ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அன்றிரவு நால்வரும் சேர்ந்து ஏழாம் படியை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.