கிரெடிட் கார்டு கடனை அடைப்பது எப்படி: கடைசி வட்டி வரை ஒரு செய்முறை

மூன்று கார்டுகளில் சேர்ந்துவிட்ட நிலுவையை முழுவதும் அடைத்து முடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாயிற்று. எந்த வேலையை எந்த வரிசையில் செய்திருந்தால் இன்னும் குறைந்த வட்டியோடு வெளியே வந்திருக்கலாம் என்பது முடித்த பிறகுதான் விளங்கியது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வரவு செலவுக் கணக்கு எழுதுவது, வீண் செலவைக் குறைப்பது ஆகியவற்றை நீங்களே அறிவீர்கள் என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

முதல் படி: கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்

பழைய நிலுவை இருக்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், அதற்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். கார்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் மட்டும் போதாது. இணையத்தளங்களிலும் செயலிகளிலும் சேமித்து வைத்த கார்டு எண்களை நீக்குங்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களை வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பிடிக்கப்படுபவை கண்ணில் படாமல் தப்பிவிடும் என்பதால், கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒரே தாளில் எல்லாக் கடனும்

ஒவ்வொரு கார்டுக்கும் நிலுவை, மாத வட்டி விகிதம், ஸ்டேட்மென்ட் தேதி, கெடு தேதி, குறைந்தபட்சத் தொகை ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம்.மில் கார்டு மூலம் பணம் எடுத்திருந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். எடுத்த நாளிலிருந்தே அதற்கு வட்டி உண்டு, பல கார்டுகளில் அந்த விகிதமும் கூடுதலாக இருக்கும். இதற்கென்று வரும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டுவிட்டு, புதிய கடனுக்கான விளம்பரத்தையே காட்டுபவை அவற்றில் அதிகம். எக்செல்லில் ஒரு தாள் போதும்; அதைவிட, கையால் எழுதிய நோட்டு எனக்கு நன்றாக உதவியது, ஏனெனில் ஒவ்வொரு மாதமும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதும்போது கடன் குறைவது கண்முன் தெரிந்தது.

மூன்றாம் படி: கட்டும் தொகையை நிலையாக வையுங்கள்

நிலுவை 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை மொத்த நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புதிய செலவு எதுவும் இல்லை. முதல் மாதம் வட்டியோடு 1,03,000 ஆகும். குறைந்தபட்சத் தொகை 5,150. அதில் 3,000 வட்டிக்குப் போக, அசலில் கழிவது 2,150 மட்டுமே. ஸ்டேட்மென்ட் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஓராண்டு கட்டி வந்தால், ஏறத்தாழ 55,000 கட்டிய பிறகும் 77,000 மீதமிருக்கும்.

நிலுவை குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வருவதுதான் இதற்குக் காரணம். முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐ மாதந்தோறும் குறைக்காமல் கட்டினால், 30ஆவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். குறைந்தபட்சத் தொகையைப் பின்தொடர்ந்தவருக்கோ அதே 30 மாதங்களுக்குப் பின்னும் 52,000க்கு மேல் பாக்கி இருக்கும். இருவரும் தொடங்கிய தொகை ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஆகவே உங்களால் இயன்ற ஒரு தொகையை இன்றே முடிவு செய்து, ஸ்டேட்மென்ட் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அதிலிருந்து இறங்காதீர்கள்.

வட்டி பொதுவாக அன்றாட நிலுவையின் மீது கணக்கிடப்படுவதால், கெடு தேதி வரை காத்திராமல் சம்பளம் வந்த அன்றே கட்டுவது நல்லது. தாமதக் கட்டணத்துக்குக் காப்பாகத் தானியங்கிக் கட்டணத்தைக் குறைந்தபட்சத் தொகைக்கு அமைத்துவிட்டு, மீதியைக் கையால் செலுத்தி வந்தேன்.

நான்காம் படி: எதை முதலில் அடைப்பது

எல்லாக் கார்டுகளுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சும் பணம் முழுவதையும் வட்டி விகிதம் அதிகமுள்ள கார்டில் போடுங்கள். அது முடிந்ததும், அதற்குக் கட்டி வந்த தொகையை அப்படியே அடுத்த கார்டுக்குத் திருப்புங்கள். சிறிய நிலுவையை முதலில் முடிக்கச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு மாதங்களுக்குள் முடியக்கூடியது ஏதேனும் இருந்தால் மட்டுமே அதற்கு நான் இசைவேன்.

ஐந்தாம் படி: வட்டியைக் குறைக்க முயலுங்கள்

குறைந்த வட்டியுள்ள வேறொரு கார்டுக்கு நிலுவையை மாற்றுவது, தவணையாக மாற்றுவது, தனிநபர் கடன் வாங்கி அடைப்பது என மூன்று வழிகள் உண்டு. எதில் இறங்கும் முன்பும் செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, சலுகை வட்டி எத்தனை மாதம், அதன்பின் விகிதம் என்ன, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடியும் தேதி தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால் தனிநபர் கடனையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரு தொகை பேசி முடித்துக்கொள்ளும் ‘செட்டில்மென்ட்’ கடைசிப் புகலிடமாக மட்டுமே இருக்கட்டும். முழுமையாக அடைக்கப்படவில்லை என்ற குறிப்பு உங்கள் கடன் வரலாற்றில் ஏறி, பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னே வந்து நிற்கும்.

ஆறாம் படி: முடிந்துவிட்டது என்று நினைக்கும் மாதம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கடைசிக் கார்டின் ஸ்டேட்மென்ட் 5ஆம் தேதி 60,000 என்று வந்தது. சேமிப்பையெல்லாம் திரட்டி, கெடு நாளான 25ஆம் தேதி 60,000ஐயும் கட்டினேன். கடன் தீர்ந்தது என்று நம்பித் தானியங்கிக் கட்டணத்தையும் அன்றே நீக்கிவிட்டேன். அடுத்த ஸ்டேட்மென்ட்டை நான் திறக்கவே இல்லை. அதற்கடுத்த மாதம் தாமதக் கட்டணம் விதித்ததாகக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் பழைய ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்தேன்: வட்டி 1,184.

தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் சேவையை அழைத்து வாதிட்டேன். பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் தொகை 5ஆம் தேதி வரைக்குமான கணக்கு. அன்றிலிருந்து நான் கட்டிய 25ஆம் தேதி வரையிலான 20 நாட்களுக்கும் அந்த 60,000 வட்டி ஈட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆண்டுக்கு 36 சதவீதம் என்றால் 60,000க்கு 20 நாள் வட்டி 1,184தான். நோட்டில் போட்டுப் பார்த்தபோது கணக்கு சரியாகவே வந்தது.

எனவே கடைசித் தவணையைக் கட்டும் நாளில் வங்கியை அழைத்து, “இன்றைய தேதிக்குக் கணக்கை முழுவதும் முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேளுங்கள். அதைக் கட்டிய பிறகும் தானியங்கிக் கட்டணத்தை நீக்காமல், ‘மொத்த நிலுவை’ என்று மாற்றி வையுங்கள். தொடர்ந்து இரண்டு ஸ்டேட்மென்ட்டுகள் சுழியம் காட்டிய பிறகே கார்டை மூடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள். மூடினால், பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், வாங்கிய பொருளைத் திருப்பியனுப்பி வந்த பணமே குறைந்தபட்சத் தொகையைவிட அதிகமாக இருந்ததால் அந்த மாதம் எதுவும் கட்டாமல் விட்டதாகவும், அதற்குத் தாமதக் கட்டணம் விழுந்ததாகவும் எழுதியிருந்தார். கடையிலிருந்து திரும்பி வரும் பணம் நிலுவையைக் குறைக்குமே தவிர, பல வங்கிகள் அதை நீங்கள் செலுத்திய தவணையாகக் கொள்வதில்லை. அந்த மாதமும் குறைந்தபட்சத் தொகையைத் தனியாகக் கட்டிவிடுங்கள்.

இன்னொருவர், வேலை போனதால் குறைந்தபட்சத் தொகையையே கட்ட முடியவில்லை என்றார். அந்த நிலையில் இருப்பவர்கள் கெடு தேதி கடப்பதற்கு முன்பே வங்கியை அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். தவணை தவறும் முன் கேட்பவருக்குக் கட்டணத் தள்ளுபடியோ நீண்ட தவணையோ கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பேசிய தேதி, பேசியவரின் பெயர், புகார் எண் மூன்றையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.