இ.சி.ஜி. தாள் மங்குவதற்கு முன்

குழந்தைக்கு இதயத் துடிப்புக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்டால், ஒவ்வொரு இ.சி.ஜி. தாளையும் எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, மேசையில் விரித்து நேர் மேலிருந்து கைப்பேசியிலும் படம் பிடித்து, தேதியுடன் சேமித்து வையுங்கள்.

அந்தத் தாள் பெரும்பாலும் வெப்பத்தால் கறுக்கும் ரசாயனம் பூசப்பட்டது என்பதால், வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்தால் கோடுகள் நாளடைவில் மங்கிவிடும் (பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேஷன் செய்தால், சூட்டில் தாள் முழுவதுமே கறுத்துப்போகும்). எஸ்.வி.டி. எனப்படும் திடீர் அதிவேகத் துடிப்பு, மருத்துவமனையை அடைவதற்குள் அடங்கிவிடுவது உண்டு. எனவே துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டியிருந்தபோது எடுத்த ஒரே ஒரு தாள், பிற்பாடு பார்க்கும் மருத்துவருக்கு நம்முடைய நீண்ட விளக்கத்தைவிட அதிகம் சொல்லும். லாங் க்யூ.டி. (ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும் கோளாறு) உள்ள குழந்தை என்றால், பழைய தாளும் புதிய தாளும் ஒப்பிடுவதற்கு அருகருகே தேவைப்படும். படத்தில் சிறு கட்டங்களும், ஓரத்தில் அச்சாகியிருக்கும், தாள் ஓடிய வேகமும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி என்ற கணக்கு, விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடிய தாளுக்கு மட்டுமே பொருந்தும்.

சாதாரண வெள்ளைத் தாளில் லேசர் அச்சாக வந்த அறிக்கை இப்படி மங்காது. குழந்தை மயங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலிக்கிறது என்றாலோ, கோப்பைத் தேடிக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.