போலீஸ் ஸ்டோரிய வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு பாக்குறது எப்படி

ஜாக்கி சானத் தெரியாத ஆளு மதுரையில இல்ல, ஆனா அவரே டைரக்ட் பண்ணி நடிச்சு 1985ல வந்த போலீஸ் ஸ்டோரிய மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தவுக ரொம்ப கம்மி, முக்காவாசிப் பேரு போன்ல அந்த கம்பத்துல சறுக்குற துண்ட மட்டும் பாத்துட்டு ஆமா அந்தப் படம் தெரியும்பாங்க. தயவுசெஞ்சு அப்படி பாக்காதீங்க. அந்த சறுக்கலுக்கு முன்னாடி ஒண்ணரை மணி நேரம் அந்த போலீஸ்காரன் எவ்வளவு அசிங்கப்பட்டான், எவ்வளவு அடி வாங்குனான்னு தெரிஞ்சாத்தான் அது சாகசமா இல்லாம ஒரு மனுசனோட கோவமா தெரியும்.

மொத வேல, பெரிய டிவி இருக்குற வீடா பாருங்க. இந்தப் படத்துல சண்டைய முகத்துக்கிட்ட போயி வெட்டி வெட்டி எடுக்கல, தலையில இருந்து கால் வரைக்கும் ஆளு முழுசா தெரியுற மாதிரி கேமராவ தள்ளி வச்சு எடுத்திருப்பாங்க, ஒருத்தன் உதைக்கிறதும் அடுத்தவன் போயி விழுறதும் ஒரே ஷாட்டுல இருக்கும். போன்ல பாத்தா அம்புட்டும் எறும்பு சண்டை மாதிரி ஆயிரும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், லைட்ட அமத்திட்டு, சவுண்ட நல்லா வச்சு பாருங்க.

அடுத்தது பாஷை. ஹாங்காங் படம், கான்டனீஸ்ல பேசுவாங்க, அப்படியே சப்டைட்டிலோட போடுங்க, இங்கிலீஷ் டப்பிங் வேண்டாம், அந்த வேகமும் கத்துற ராகமும்தான் பாதி சிரிப்பு. இங்கிலீஷ் படிக்க வராதவுக வீட்ல இருந்தா ஒருத்தர் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வரணும். எங்க வீட்ல மாமாவுக்கு நாந்தான் சொன்னேன், எல்லாத்தயும் சொல்ல வேண்டியதில்ல, 3 விஷயம் புரிஞ்சா போதும். வில்லனோட செக்ரட்டரி பொண்ண சாட்சியா காப்பாத்துறது ஹீரோவோட டியூட்டி. அந்தப் பொண்ணு பயப்படணும்னு கூட வேல பாக்குற போலீஸ்காரனையே கொலைகாரன் மாதிரி வேஷம் போட்டு வீட்டுக்குள்ள அனுப்புறாங்க, அது அவளுக்கு தெரிஞ்சு போச்சு. அந்தக் கோவத்துல அவ தன்னோட வாக்குமூலத்த பதிஞ்ச டேப்ப மாத்தி வச்சிர்றா, அதனாலதான் கோர்ட்டுல அத போடும்போது ஹீரோ மானம் போகுது. இத சொல்லிட்டா அப்பறம் நீங்க வாயே திறக்க வேண்டாம்.

ஆரம்பத்துலயே மலைச்சரிவுல இருக்குற குடிசைக்குள்ள கார விட்டு மேல இருந்து கீழ வரைக்கும் இடிச்சிட்டு வர்ற சீன் வரும், அதுல எல்லாரும் அசந்து போயிருவாங்க. உடனே குடைய வச்சு டபுள் டெக்கர் பஸ்ல தொங்குறது வரும். அந்த குடை இரும்புல செஞ்சது, மரக்குடையில கை வழுக்கிக்கிட்டே இருந்ததால மாத்துனாங்க, இத முன்னாடியே சொல்லி வைங்க, பாக்குற கண்ணே மாறிரும். பஸ்ஸு சடன் பிரேக் போட்டதும் மாடியில இருந்து ஆளுக கண்ணாடிய உடச்சிக்கிட்டு வந்து ரோட்டுல விழுவாங்க பாருங்க, அவுக கார் மேல விழுறதாத்தான் பிளான், எட்டல, தார் ரோட்டுலயே விழுந்தாங்க. அத அப்படியே படத்துல வச்சிருக்காங்க.

நடுவுல கொஞ்ச நேரம் வேகம் கொறையும், அங்கதான் சின்னப் பசங்க போன எடுப்பாங்க, விடாதீங்க. ஹீரோவ ஒரு கிராமத்து ஸ்டேஷனுக்கு தூக்கிப் போட்டிருப்பாங்க, தனியா உக்காந்து நூடுல்ஸ் சாப்பிடப் போறப்ப ஒவ்வொரு போனா அடிக்கும், ரெண்டு கையிலயும் ரிசீவரு, கழுத்துல ஒயரு, இந்த போன்ல சொல்ல வேண்டியத அந்த போன்ல சொல்லி, பென்சிலயே குச்சியாக்கி நூடுல்ஸ அள்ளி வாயில போட்டுக்கிட்டே பேசுவாரு. அடி இல்ல உதை இல்ல, ஆனா சண்டை சீனுக்கு எவ்வளவு கணக்கு வேணுமோ அவ்வளவு கணக்கு இதுலயும் இருக்கு. நம்ம ஊரு வடிவேலுவ சின்னதுல இருந்து பாத்து வளந்த நமக்கு இது ஒடனே பிடிபடும், அவரும் முழு ஒடம்பயும் வச்சுத்தான சிரிக்க வைப்பாரு. என்னயக் கேட்டா இந்தப் படத்தோட உசுரே இங்கதான் இருக்கு, சிரிக்க வைக்கிற ஒடம்பும் அடிக்கிற ஒடம்பும் ஒண்ணுதான், அதனாலதான் அவருக்கு அடி விழுந்தா நமக்கு வலிக்குது.

கிளைமாக்ஸுக்கு முன்னாடி ஒரு தடவ நிறுத்துங்க, தண்ணி குடிக்கிறவுக குடிச்சிட்டு வரட்டும், இனி எந்திரிக்கக் கூடாது. மொத்த சண்டையும் ஒரு பெரிய கடைக்குள்ள. தீபாவளி நேரத்துல நம்ம ஊரு பெரிய ஜவுளிக்கடையில மேல் மாடியில நின்னு கீழ எட்டிப் பாத்திருப்பீங்கல்ல, நடுவுல ஓட்டையா இருக்குமே, அந்த உயரத்த நெனச்சுக்கிட்டு பாருங்க. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஷோகேஸ் உடையும். சினிமாவுக்குன்னு செய்யுற சர்க்கரைக் கண்ணாடிதான், ஆனா அதுவும் கிழிக்கும், படக்குழுவே இதுக்கு கிளாஸ் ஸ்டோரின்னு பட்டப்பேரு வச்சிருந்தாங்க.

எங்க மாமா சிம்மக்கல் பக்கம் கண்ணாடிக் கடையில 30 வருஷமா வெட்டுற வேல. அதுவரைக்கும் சாஞ்சு உக்காந்திருந்தவரு இந்த சீன்ல முன்னாடி நகந்து வந்துட்டாரு, இடது உள்ளங்கையில கட்ட விரலுக்கு கீழ இருக்குற பழைய தழும்ப வலது கை விரலால தடவிக்கிட்டே, "மாப்ள, உடைக்கிறது பெருசில்ல, உடஞ்சதுக்கு மேல உருளுறான் பாரு, அத எவனும் செய்ய மாட்டான்"னாரு.

அப்பறம் அந்த கம்பம். சுத்தி சீரியல் லைட்டு தொங்கும், மேல இருந்து தாவிப் பிடிச்சு லைட்டெல்லாம் வெடிக்க வெடிக்க கீழ வருவாரு. லைட்டு சூட்டுல கம்பமே கொதிச்சுப் போயி ரெண்டு கையும் வெந்துருச்சு, முதுகுலயும் அடி, இடுப்பெலும்பும் விலகிருச்சு. படத்துல இத மூணு கோணத்துல திருப்பித் திருப்பி காட்டுவாங்க, எடிட்டிங் தப்புன்னு யாராவது சொன்னா இல்லன்னு சொல்லுங்க, ஒரே தடவ செஞ்சது, பாக்குறவன் நம்பணும்னு காட்டுறாங்க.

படம் முடிஞ்சதும் லைட்ட போடாதீங்க. பேரு ஓடும்போது ஷூட்டிங்ல அடிபட்டது எல்லாம் வரும், பின்னாடி ஓடுற பாட்டு ஜாக்கி சானே பாடுனது. அத பாக்கலேன்னா படம் முழுசா பாத்த கணக்குல வராது. பரோட்டா வாங்கப் போறவுக இதுக்கு அப்பறம் போங்க.

பிடிச்சிருந்தா ரெண்டாவது பாகம் 1988, அத மெதுவா ஒரு நாள் பாத்துக்கலாம். 1992ல வந்த மூணாவது பாகத்த மட்டும் தள்ளிப் போடாதீங்க, அதுல நடிகை மிஷெல் யோ பைக்கோட ஓடுற ரயில் மேல போயி இறங்குவாங்க, அத எங்க மாமாவுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போடுறதா சொல்லி வச்சிருக்கேன்.