ஒரு நிமிட நகைச்சுவை ரீலில் கர்நாடக சங்கீதம்: எழுதுவது, ஒலிப்பதிவு, எடிட்

சபாப் பக்கமே வராதவரைச் சிரிக்க வைக்க, ராகம் தெரியாதவருக்கும் தெரிந்த ஒன்றில் தொடங்க வேண்டும். ‘டூசெட் வயலின்’ யூடியூப் சேனலை நடத்தும் ஆஸ்திரேலிய வயலின் கலைஞர்கள் பிரெட் யாங், எடி சென் இருவரின் ‘தினமும் 40 மணி நேரம் சாதகம்’ என்ற கேலி அப்படிப்பட்டது. வயலினைத் தொட்டே பார்க்காதவருக்கும் ‘படி, படி’ என்று விரட்டும் வீடு தெரியும். ஒன்றுபோலவே ஒலிக்கும் இரண்டு ராகங்களில் இது தர்பாரா நாயகியா என்ற குழப்பத்தை வைத்துச் செய்யும் ஜோக்குக்கு ஏற்கெனவே முன்வரிசையில் இருப்பவர்தான் சிரிப்பார். அதுவும் வேண்டியதுதான், மாதம் ஒன்று போதும்.

ஒரு மாதிரி பார்ப்போம். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ‘நாளை காலை 10 முதல் 2 வரை தண்ணீர் வராது’ என்று அறிவிப்பு. அதை சோக ராகம் என்று பெயரெடுத்த முகாரியில் பாடுகிறோம். கச்சேரியே கேட்காதவர்கூட ‘முகாரி பாடாதே’ என்று வீட்டில் சொல்லியிருப்பார், விளக்கம் தேவையில்லை.

முதல் 3 விநாடி தம்புரா ஒலி, திரையில் அறிவிப்பு மட்டும். ‘வணக்கம் நண்பர்களே’ வேண்டாம், அதற்குள் விரல் அடுத்த ரீலுக்குத் தள்ளிவிடும். அடுத்த 6 விநாடி சொற்களில்லாத ராக ஆலாபனை. 12 விநாடி விருத்தம், அதாவது அறிவிப்பைத் தாளமில்லாமல் பாடுவது. ‘வராது’ என்ற சொல்லில் நீண்ட கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் இழுத்து நிற்பது. பிறகு ‘தண்ணீர் வராது’ என்பதே ஆதி தாளத்தில் பல்லவி. நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று காலப்பிரமாணம், அதாவது வேகம், வைத்தால் 8 அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சரியாக 6 விநாடி. 4 ஆவர்த்தனம் 24 விநாடி. மொத்தம் 45. முதல் இரண்டில் பல்லவி, மூன்றாவதில் நிரவல், அதாவது அதே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவது. நான்காவதில் மிருதங்கக்காரர் பாதியில் எழுந்து போகிறார். தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தில் மிருதங்கத்துக்குப் பதில் காலி பிளாஸ்டிக் வாளி தரையில் விழும் சத்தம். வாளி அரை அட்சரம் தள்ளி விழுந்தாலும் ஜோக் போச்சு. அதனால் அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து எடிட்டில் சமத்தின் மேல் வையுங்கள்.

பாடுபவர் கடைசிவரை சிரிக்கக் கூடாது. முகாரியும் சுத்தமாக இருக்க வேண்டும். சுருதி விலகினால் அறிவிப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர் பாடகரைப் பார்த்துச் சிரிப்பார்.

பெரும்பாலான ரீல்கள் கெடுவது ஒலியில்தான். தம்புரா இடைவிடாத ஒலி என்பதால், போனின் இரைச்சல் நீக்கும் வசதி அதை மின்விசிறிச் சத்தம்போல எடுத்துக்கொண்டு அழித்துவிடும். குரல் அந்தரத்தில் நிற்கும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அப்படித்தான்: மிருதங்கத்தின் ஒவ்வொரு சாப்புக்கும் (ஓங்கிய அடிக்கும்) குரல் அமுங்கி எழும். குரலுக்கும் மிருதங்கத்துக்கும் தனித்தனி மைக், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு, உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். தம்புராவை ஒரு காதில் இயர்போன் வழியாகக் கேட்டுப் பாடுங்கள். அதே தடத்தை எடிட்டில் சேருங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் இருந்தால் படமும் ஒலியும் சேர்க்க எளிது.

போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் சரியாக எழும்பாது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கியை (ஆழ்ந்த ஒலியை) நம்பி எழுதிய சிரிப்பு ஸ்டூடியோவில் பிரமாதமாக இருக்கும், பேருந்தில் கேட்பவருக்கு ஒன்றுமே இருக்காது. வலப்பக்கமான வலந்தலைச் சொற்களையே நம்புங்கள். முடித்ததும் சாதாரண போனில் கேட்டுப் பாருங்கள்.

எடிட்டர் வேறொருவர் என்றால் இரண்டு விஷயம் முன்பே சொல்லிவிட வேண்டும். ‘இழுவை’ என்று மௌனத்தை வெட்டக் கூடாது. வெட்டுவதானால் முழு ஆவர்த்தனமாக வெட்டலாம். வேகத்தையும் கூட்டக் கூடாது. 1.06 மடங்கு கூட்டினாலே சுருதி அரைக்கட்டை ஏறி, பின்னால் சேர்த்த தம்புராவோடு மோதும். சுருதியைப் பூட்டிவிட்டுக் கூட்டினால் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) படபடக்கும்.

படம் 1080க்கு 1920 செங்குத்து. திரையின் அடிப்பகுதியை ஆப்பின் பட்டன்கள் மறைக்கும், எழுத்துகளை நடுப்பகுதிக்கு ஏற்றுங்கள். தானியங்கி வசனம் ராகப் பெயர்களைக் குதறிவிடும். கையால் தட்டச்சு செய்வதே மேல்.

உரிமை விஷயம் கொஞ்சம் சிக்கல். இந்தியாவில் இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள்வரை காப்புரிமை உண்டு. 1847இல் மறைந்த தியாகராஜர் பாட்டுக்குத் தடையில்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாட்டுகளுக்கு 2033 இறுதிவரை அனுமதி வேண்டும். தியாகராஜர் கிருதியை நீங்களே பாடினாலும் யூடியூபின் இயந்திரம் வேறொருவர் பதிவு என்று நினைத்து உரிமை கோரலாம். எடிட் செய்யாத மூலக் கோப்பை வைத்திருந்தால் ஆட்சேபம் எழுப்பும்போது கைகொடுக்கும்.

யாரைக் கேலி செய்வது? வித்வானின் வீம்பு, தனி ஆவர்த்தனம் (மிருதங்கக்காரரின் தனி வாசிப்பு) ஆரம்பித்ததும் கேண்டீனுக்கு எழும் கூட்டம், சுருதிப்பெட்டியின் அடம் எல்லாம் சரி. ‘உனக்குத் தாளம் தெரியாதா’ என்று புதியவரைக் குத்தாதீர்கள். அவருக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். ஒரே வீட்டுப் பேச்சுமொழியில் எல்லா ஜோக்கும் வந்தால், இது நமக்கான இடமில்லை என்று பலர் நினைப்பார்கள்.

ரீல் முடிந்ததும் முதல் கமெண்டில் மூன்று மணி நேரக் கச்சேரியின் இணைப்பைப் போடாதீர்கள். அதே முகாரியில் தியாகராஜரின் ‘எந்தநினே’ கிருதி, அதுவும் சுருக்கமாக 5 நிமிடம் பாடியது போதும். சென்னையில் டிசம்பர் சீசன் என்றால், அனுமதி இலவசமாக உள்ள பிற்பகல் கச்சேரியின் தேதி, அரங்கம், அருகிலுள்ள பஸ் நிறுத்தம் மூன்றையும் எழுதுங்கள். அன்று பட்டியலில் முகாரியும் இருக்கட்டும், பாடும் முன் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.