பெற்றோர் பிரிந்திருக்கையில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடும்போது நடக்கும் தவறுகள்

தாய் திருகோணமலை நகரத்து உவர்மலையில், தந்தை நகருக்கு வெளியே கிண்ணியாவில். பிள்ளை வரும் ஆண்டு தரம் 1. இருவரும் பாடசாலையின் பெயரைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். கிழமை நாட்களில் பிள்ளை எந்த வீட்டில் படுத்தெழும்பும் என்ற பேச்சே எழுவதில்லை. முதலில் தீர்க்க வேண்டியது அதுதான். 7.30க்குத் தொடங்கும் நகரப் பாடசாலைக்குக் கிண்ணியாவிலிருந்து வருவதானால் ஐந்து மணிக்கே எழுப்ப வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை போய்விட்டது, ஆனால் தூரம் குறையவில்லை. பாடசாலை வானில் ஏறியதும் தூங்கி விழும் பிள்ளை, முதல் பாடத்தில் என்ன கேட்கும்? பாடசாலை நாளொன்றில், அதே நேரத்தில், இரு வீட்டிலிருந்தும் பாடசாலைக்குப் போகும் வழியை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்தது விலாசம். அரச பாடசாலைகளின் தரம் 1 அனுமதியில் பெரும்பங்கு வதிவிடத்தைப் பார்த்தே கிடைக்கிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் பல ஆண்டு தொடர்ந்து இருந்தால்தான் புள்ளி சேரும். பிரிந்து அம்மம்மா வீட்டுக்கு வந்த தாயின் பெயர் பழைய விலாசத்திலேயே கிடக்கும். விண்ணப்பம் கோரும்போது கிராம உத்தியோகத்தரிடம் ஓடினால் போன ஆண்டுகள் திரும்பி வராது. வந்த ஆண்டே பதிவை மாற்றிவிடுங்கள். தாய் ஒரு விலாசமும் தந்தை இன்னொன்றும் போட்டுத் தனித்தனியே விண்ணப்பித்தால் நேர்முகத்தில் சிக்கல்தான். பொய் ஆவணம் என்று பின்னர் தெரிந்தால், சேர்ந்த பிள்ளையின் அனுமதியே போய்விடும்.

ஒருவருக்கொருவர் சொல்லாமல் விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பாடசாலையில் சேர்ப்பதுதான் ஆகக் கொடியது. வழக்கென்று வந்தால் நீதிமன்றம் பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கும். தவணை நடுவில் பிள்ளையைப் பிடுங்கியவர் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தாபரிப்புக் கட்டளையை (பிள்ளையின் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்வது) கட்டுக்காவல் கட்டளை (பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கும் என்று சொல்வது) என்று நினைப்போரும் பலர். தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்துக்குரியது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி வசதியுள்ள தாய்க்கும் தந்தைக்கும் அந்தக் கடமை உண்டு. கட்டுக்காவலுக்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். “காசு நான் தாறன், பள்ளிக்கூடத்தை நான்தான் சொல்லுவன்” என்பது செல்லாது. கட்டளை இருந்தால் அதன் பிரதியை அதிபரிடம் கொடுத்துவையுங்கள். வாசலில் வந்து நிற்பவரிடம் பிள்ளையை விடலாமா என்று ஆசிரியர் தடுமாற வேண்டியிராது.

பிள்ளையிடம் “அம்மாட பள்ளிக்கூடமா, அப்பாட பள்ளிக்கூடமா?” என்று கேட்காதீர்கள். அது பள்ளிக்கூடத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. “அங்க உனக்குத் தெரிஞ்ச கூட்டாளி ஆர்?” என்று கேளுங்கள், பிள்ளை வாய் திறக்கும்.

ஒத்துவந்தால் ஒரே தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்: வான் காசு யார், தேர்ச்சி அறிக்கை இருவருக்கும் எப்படிக் கிடைக்கும், காய்ச்சலென்றால் பாடசாலை முதலில் யாருக்கு அழைக்கும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் பிறகு பாடசாலை மாறுவதானால் அதை எப்போது பேசுவது. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் ஐந்து வருடத்தில் இதே சண்டை மறுபடி வாசலுக்கு வரும்.